"தான்" வரும் இடமெல்லாம் "ஒன்லி" போடலாமா?

கயல்_ம கேட்டது:

வணக்கம். அலுவலக மெயிலில் நான் "ஒன்லி" போட்டு எழுதும் வாக்கியங்களில் பாதிக்கு மேல் திருத்தம் வருகிறது. ஒரு இடத்தில் அந்தச் சொல்லையே எடுத்துவிடுகிறார்கள், இன்னொரு இடத்தில் முன்னே தள்ளி வைக்கிறார்கள், சில நேரம் வாக்கியத்தையே வேறு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். என்ன கணக்கு என்று பிடிபடவில்லை. அகராதியைப் புரட்டினால் "மட்டும், தான்" என்று இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

திருத்தம் வந்தவற்றில் ஐந்தைக் கீழே தருகிறேன். பக்கத்திலேயே நான் சொல்ல வந்ததும் இருக்கிறது.

"ஐ சென்ட் த ஃபைல் டு ஹெர் ஒன்லி." அவங்களுக்குத்தான் ஃபைலை அனுப்பினேன்.
"தட்ஸ் வை ஒன்லி ஐ கால்ட் யு." அதனாலதான் கூப்பிட்டேன்.
"மாலா ஒன்லி சைன்ட் த ஃபார்ம்." மாலா மட்டும்தான் கையெழுத்துப் போட்டாங்க.
"த டீம் வில் கம் டுமாரோ ஒன்லி." டீம் நாளைக்குத்தான் வரும்.
"ஒன்லி ஃப்யூ பீப்பிள் ரிப்ளைட்." கொஞ்சம் பேர்தான் பதில் போட்டாங்க.

ஒவ்வொன்றிலும் என்ன தப்பு, ஏன் தப்பு என்று சொன்னால் பெரிய உதவி. மனப்பாடம் செய்ய விதி வேண்டாம், காரணம் புரிந்தால் போதும்.

இளவேனில் பதில்:

கயல், ஐந்தும் ஒரே தப்பு இல்லை. முதல் இரண்டும் ஒரு வகை, மூன்றாவது வேறு வகை, நான்காவது இன்னொன்று, ஐந்தாவதில் இலக்கணம் மட்டும் இடிக்கிறது. அதனால்தான் திருத்துபவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று செய்வதுபோல் தெரிகிறது.

தமிழ் "தான்" இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, மற்றதையெல்லாம் வெளியே நிறுத்துவது: "என்கிட்ட ஒரு பேனாதான் இருக்கு." ஒன்றுக்கு மேல் கிடையாது. இன்னொன்று, இதுவேதான் என்று சுட்டி உறுதி செய்வது: "அவங்கதான் மேனேஜர்", "இங்கதான் வெச்சேன்", "அதனாலதான் கேட்டேன்." இந்த இரண்டாவது வகையில் யாரையும் எதையும் ஒதுக்கும் எண்ணம் நமக்கு இல்லை. கேட்பவருக்கு இருக்கும் சந்தேகத்தைத் தீர்க்கிறோம், அவ்வளவே. ஆங்கில "ஒன்லி" முதல் வேலையைத்தான் செய்யும். இரண்டாவது வேலைக்கு அதைக் கூப்பிட்டால் சும்மா இருக்காது, நீங்கள் நினைக்காத ஒரு வேலியைப் போட்டுவிடும்.

உங்கள் முதல் வாக்கியத்தில் நடந்தது அதுதான். "டு ஹெர் ஒன்லி" என்று படிப்பவர், "வேறு யாரிடமும் இந்த ஃபைல் இல்லை" என்று எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்ல வந்ததோ "யாருக்கு அனுப்பினீங்க?" என்ற கேள்விக்கு ஆளைக் காட்டும் பதில். நகல் வேறு நாலு பேருக்குப் போயிருந்தால் உங்கள் வாக்கியம் பொய்யாகவே ஆகிவிடும். ஆங்கிலத்தில் இதற்கு "ஷி இஸ் த ஒன் ஐ சென்ட் த ஃபைல் டு" அல்லது "இட் வாஸ் ஹெர் ஐ சென்ட் த ஃபைல் டு."

எளிய சோதனை: "தான்" இருக்கும் இடத்தில் "மட்டும்" போட்டுப் பாருங்கள். அர்த்தம் மாறாமல் நின்றால் "ஒன்லி" வரலாம். "அவங்க மட்டும் மேனேஜர்", "அதனால மட்டும் கூப்பிட்டேன்" என்று சொல்லிப் பார்த்தாலே நாம் சொல்ல வந்தது இது இல்லை என்று காதுக்குத் தெரியும். அங்கே "ஒன்லி" வேண்டாம்.

இந்தச் சோதனை சறுக்கும் இடம் ஒன்று உண்டு: எண்ணும் காலமும். "அவனுக்குப் பத்து வயசுதான்" என்பதில் "மட்டும்" ஒட்டாது, ஆனால் "ஹி இஸ் ஒன்லி டென்" மிகச் சரி. "நேத்துதான் வந்தாங்க" என்பதற்கு "நேத்து மட்டும் வந்தாங்க" என்று போட்டால் அர்த்தமே வேறு, ஆனால் "ஷி கேம் ஒன்லி யெஸ்டர்டே" நல்ல ஆங்கிலம். இங்கெல்லாம் "இவ்வளவுதானா", "இவ்வளவு சமீபத்திலா" என்ற அளவுக் குறிப்பு இருக்கிறது. அதுவும் ஒரு வேலிதான்: பத்துக்கு மேல் இல்லை, நேற்றுக்கு முன்னால் இல்லை. ஆகவே எண், வயது, நாள், நேரம் வந்தால் "அதுக்கு மேலே இல்லை, அதுக்கு முன்னே இல்லை" என்று ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் "ஒன்லி" பொருந்தும்.

நான்காவது வாக்கியத்தில் இதுவே எதிர்காலத்தில் வந்து நிற்கிறது. "டுமாரோ ஒன்லி" என்றால் "நாளை ஒரு நாள் மட்டும்" என்று ஆகிவிடுகிறது, கடை விளம்பரப் பலகையில் வருவதுபோல. நீங்கள் சொல்ல நினைத்தது "அதுவரைக்கும் வராது" என்பது. ஆங்கிலம் இதை எதிர்மறையாகத்தான் சொல்லும்: "த டீம் வோன்ட் பி ஹியர் அன்டில் டுமாரோ." எதிர்காலத்தில் "-க்குத்தான்" வந்தால் "நாட் அன்டில்" என்று கை தானாகப் போகும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். "திங்கக்கிழமைதான் கிடைக்கும்" என்பதற்கு "யு வோன்ட் கெட் இட் அன்டில் மண்டே." தமிழில் உடன்பாடாக இருப்பது ஆங்கிலத்தில் எதிர்மறையாகத் திரும்புவதால்தான் நமக்கு அது சட்டென்று தோன்றுவதில்லை.

சுட்டும் "தான்"-க்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல் இல்லை. இடத்துக்கு இடம் மாறும்.

"அவர்தான் சொன்னார்": "ஹி இஸ் த ஒன் ஹூ டோல்ட் மி."
"இங்கதான் இருக்கேன்": "ஐம் ரைட் ஹியர்."
"அதனாலதான் கூப்பிட்டேன்": "தட்ஸ் வை ஐ கால்ட்." அழுத்தம் வேண்டுமானால் "தட்ஸ் எக்ஸாக்ட்லி வை ஐ கால்ட்."
"இப்பதான் சாப்பிட்டேன்": "ஐ ஹாவ் ஜஸ்ட் ஈட்டன்."
"போய்த்தான் ஆகணும்": "ஐ ரியலி டூ ஹாவ் டு கோ."
"நல்லாத்தான் இருக்கு": "இட் இஸ் குட்." "இஸ்" மேல் அழுத்தம். எழுத்தில் அழுத்தம் கேட்காது என்பதால் "இட்ஸ் ஆக்சுவலி க்விட் குட்."
"உன்னைத்தான் கூப்பிடுறேன்": "இட்ஸ் யு ஐம் காலிங்."

இன்னொரு எச்சரிக்கை. "ஒன்லி"யை விட்டவுடன் பலர் "இட்செல்ஃப்" பக்கம் தாவுவார்கள்: "ஐ வில் சென்ட் இட் டுடே இட்செல்ஃப்." இது "இன்னைக்கே" என்பதன் நேர்பெயர்ப்பு. பள்ளம் அதேதான், இடம் மட்டும் வேறு. "ஐ வில் சென்ட் இட் டுடே" போதும். வலுவாக வேண்டுமானால் "பிஃபோர் த எண்ட் ஆஃப் த டே" என்று எழுதுங்கள்.

மூன்றாவது, ஐந்தாவது வாக்கியங்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

செந்தூரன்_க பதில்:

மூன்றாவதை நான் எடுக்கிறேன்.

தமிழில் "மட்டும்", "தான்" இரண்டும் தான் சேரும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும்: மாலா மட்டும், மாலாதான். ஆங்கிலத்தில் "ஒன்லி" தான் வரம்பிடும் சொல்லுக்கு முன்னால் நிற்கும். நம் பழக்கத்தில் "மாலா ஒன்லி" என்று எழுதுகிறோம். ஆங்கிலம் படிப்பவர் அந்த "ஒன்லி"யைப் பின்னால் வரும் "சைன்ட்"-ஓடு சேர்த்துப் படிப்பார். விளைவு: "மாலா கையெழுத்து மட்டும் போட்டாங்க, படிவத்தை நிரப்பவில்லை." நீங்கள் மற்றவர்கள் கையெழுத்துப் போடவில்லை என்கிறீர்கள், வாக்கியமோ மாலா வேலையை முடிக்கவில்லை என்கிறது.

ஒரே வாக்கியத்தில் நகர்த்திப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

"ஒன்லி மாலா சைன்ட் த ஃபார்ம் யெஸ்டர்டே." மாலா மட்டும். மற்றவர்கள் போடவில்லை.
"மாலா ஒன்லி சைன்ட் த ஃபார்ம் யெஸ்டர்டே." எழுத்தில் முதலில் தோன்றுவது: கையெழுத்து மட்டும்.
"மாலா சைன்ட் ஒன்லி த ஃபார்ம் யெஸ்டர்டே." படிவத்தில் மட்டும். ஒப்பந்தத்தில் போடவில்லை.
"மாலா சைன்ட் த ஃபார்ம் ஒன்லி யெஸ்டர்டே." நேற்றுதான், அதற்கு முன் இல்லை.

சொல்லுக்குப் பின்னால் "ஒன்லி" வரும் இடங்களும் இருக்கின்றன, நம்மைக் குழப்புவது அவைதான். அறிவிப்புப் பலகையில் "ஸ்டாஃப் ஒன்லி", "மெம்பர்ஸ் ஒன்லி". விளம்பரத்தில் "ஃபார் ஒன் டே ஒன்லி". காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி முடிவில் "ஒன்லி". அங்கே அதன் வேலை, அதற்குப் பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுத முடியாதபடி அடைப்பது. கணினியில் "ரீட் ஒன்லி", "வியூ ஒன்லி". எல்லாமே பலகை, தலைப்பு, படிவம், பெயர்க்குறி. முழு வாக்கியம் எழுதும்போது இந்த மாதிரியைப் பின்பற்ற வேண்டாம்.

தமிழ்நதி_எஸ் பதில்:

செந்தூரன் சொன்னது எழுத்துக்குச் சரி. ஆனால் "ஒன்லி எப்போதும் தான் வரம்பிடும் சொல்லுக்கு ஒட்டி முன்னால்தான் நிற்க வேண்டும்" என்று கயல் எடுத்துக்கொண்டால், பிறர் பேசும் இயல்பான ஆங்கிலம் முழுக்கத் தப்பாகத் தெரியும்.

பேச்சில் "ஒன்லி"யின் வழக்கமான இடம் வினைக்கு முன்னால். "ஐ ஒன்லி ஹாவ் டூ மினிட்ஸ்." "ஷி ஒன்லி ட்ரிங்க்ஸ் வாட்டர்." "வி ஒன்லி மெட் லாஸ்ட் வீக்." மூன்றிலும் "ஒன்லி" வரம்பிடுவது பின்னால் தள்ளி இருக்கும் சொல்லை: டூ மினிட்ஸ், வாட்டர், லாஸ்ட் வீக். எந்தச் சொல் என்பதைக் குரல் அழுத்தம் காட்டிவிடும். இது தப்பே இல்லை. 1926-இல் வெளிவந்த தன் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் ஃபௌலர் இதற்காக வாதாடியிருக்கிறார். ஒருவர் போன வாரம்தான் இறந்தார் என்பதை "ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ" என்று சொல்வதில் யாருக்கும் குழப்பம் வராதபோது, "ஒன்லி"யை இழுத்து நகர்த்தச் சொல்வது வீண் பிடிவாதம் என்பது அவர் கட்சி.

வினைக்கு முன்னால் என்றால் துல்லியமாக எங்கே? சாதாரண வினைக்கு நேர் முன்னால்: "ஐ ஒன்லி நோ". துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: "யு கேன் ஒன்லி பே பை கார்ட்", "ஐ ஹாவ் ஒன்லி மெட் ஹிம் ஒன்ஸ்". "இஸ், ஆர், வாஸ்" தனி வினையாக வந்தால் அவற்றுக்குப் பின்னால்: "இட்ஸ் ஒன்லி எ டிராஃப்ட்". "ஐ ஒன்லி கேன்" என்று துணைவினைக்கு முன்னால் வைப்பது நம்மிடம் அதிகம் காணப்படும் பிசகு.

இந்த நடு இடத்திலிருந்து "ஒன்லி" முன்னோக்கித்தான் பாயும், வினையையோ அதற்கு அப்பால் இருப்பதையோ பிடிக்கும். பின்னால் திரும்பி எழுவாயைப் பிடிக்காது. எழுவாயை வரம்பிட வேண்டுமானால் அதற்கு முன்னால் போய் நிற்பது ஒன்றே வழி. "மாலா ஒன்லி சைன்ட்" பேச்சிலும்கூட "மாலா மட்டும்" ஆகாததற்குக் காரணம் இதுதான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதில் தாராளமாக இருக்கலாம்.

அருள்மொழி_வ பதில்:

பேச்சில் தாராளமாக இருங்கள். ஒப்பந்தம், விதிமுறை, வாடிக்கையாளருக்குப் போகும் அறிவிப்பு என்று வந்தால் வேண்டாம். அங்கே குரல் அழுத்தம் கிடையாது, தனக்குச் சாதகமாகப் படிக்க ஆள் இருப்பார். ஒரு வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுகிறேன்:

"த டெபாசிட் வில் ஒன்லி பி ரிட்டர்ன்ட் டு த அப்ளிகன்ட் பை செக் ஆஃப்டர் த ஆடிட்."

இந்த "ஒன்லி" எதைப் பிடிக்கிறது? விண்ணப்பதாரரை என்றால்: அவரிடம்தான் திருப்பித் தருவோம், அவர் அனுப்பும் ஆளிடம் தரமாட்டோம். காசோலையை என்றால்: ரொக்கமாகத் தரமாட்டோம். தணிக்கையை என்றால்: அது முடிவதற்கு முன் தரமாட்டோம். மூன்றும் இலக்கணப்படி சரியான வாசிப்பு. எழுதியவர் ஒன்றைத்தான் நினைத்திருப்பார். தணிக்கைக்கு முன்பே கேட்டு ஒருவர் வந்து நின்றால், "உங்கள் விதி காசோலையைப் பற்றித்தானே சொல்கிறது, நாளைப் பற்றிச் சொல்லவில்லையே" என்று வாதாட இடம் இருக்கிறது.

சரிசெய்வது சுலபம். நினைத்த சொல்லுக்கு நேர் முன்னால் நகர்த்துங்கள்: "வில் பி ரிட்டர்ன்ட் டு த அப்ளிகன்ட் பை செக், ஒன்லி ஆஃப்டர் த ஆடிட்." மூன்று வரம்புமே வேண்டுமானால் ஒரே "ஒன்லி"யின் தலையில் மூன்றையும் சுமத்தாமல் மூன்று வாக்கியமாக உடையுங்கள். பெரும்பாலும் "ஒன்லி"யை விட்டுவிட்டு எதிர்மறையில் சொல்வதே இன்னும் உறுதி: "த டெபாசிட் வில் நாட் பி ரிட்டர்ன்ட் பிஃபோர் த ஆடிட் இஸ் கம்ப்ளீட்." இதில் சண்டை போட எதுவும் மிச்சமில்லை.

மெயிலில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே வாக்கியத்தில் "ஜஸ்ட்", "ஒன்லி", "மட்டும்" என்ற அர்த்தத்தில் "அலோன்" எல்லாம் குவிப்பது. ஒன்று போதும். "மாலா அலோன் நோஸ் த பாஸ்வேர்டு" என்பது "ஒன்லி மாலா நோஸ்" என்பதற்குச் சமம், கொஞ்சம் கனமான நடை. "அலோன்" மட்டும் பெயருக்குப் பின்னால் வரும் என்பதால் நம் காதுக்கு இயல்பாகப் படும். ஆனால் தினசரி மெயிலுக்கு "ஒன்லி மாலா"தான் பொருத்தம். "மியர்லி" என்பதில் மட்டம் தட்டும் தொனி ஏறும். "ஷி இஸ் மியர்லி அன் அசிஸ்டன்ட்" என்று எழுதிவிட்டு மரியாதையாக எழுதினேன் என்று சொல்ல முடியாது.

கயல்_ம:

எல்லோருக்கும் நன்றி. எழுவாயைப் பின்னால் திரும்பிப் பிடிக்காது என்ற விளக்கத்தில் மூன்றாவது வாக்கியம் முழுக்கத் தெளிந்துவிட்டது.

இன்னும் சில இடம் இடிக்கிறது. "ஒன்லி இஃப்", "இஃப் ஒன்லி" இரண்டும் எப்போதும் தலைகீழாகிவிடுகின்றன. "ஒன்லி தென் டிட் ஐ ரியலைஸ்" என்பதில் "டிட்" ஏன் முன்னால் வருகிறது? ஒருவர் "ஐ வுட் பி ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்" என்று எழுதியிருந்தார். அது சம்மதமா, மறுப்பா என்றே புரியவில்லை.

தமிழ்நதி_எஸ் பதில்:

கடைசியை முதலில் சொல்கிறேன், அதுதான் அவசரம்: முழுச் சம்மதம். "டூ" என்றதும் "அளவுக்கு மீறி, ஆகவே முடியாது" என்று நமக்குப் படுகிறது. "ஒன்லி டூ" என்று சேர்ந்தால் "மிக மிக" என்றே அர்த்தம். "ஒன்லி டூ ஹேப்பி", "ஒன்லி டூ க்ளாட்": தாராளமாகச் செய்கிறேன். "ஐ நோ இட் ஒன்லி டூ வெல்" என்றால் "எனக்கு அது நன்றாகவே தெரியும்", பெரும்பாலும் கசப்பான விஷயத்தில். மறுப்பு என்று நினைத்து அவரிடம் மறுபடி கெஞ்ச வேண்டாம்.

"ஒன்லி இஃப்" என்பது நிபந்தனை. "யு கேன் என்டர் ஒன்லி இஃப் யு ஹாவ் எ பாஸ்." பாஸ் இருந்தால்தான் உள்ளே. நுணுக்கமாகப் பார்த்தால், பாஸ் இருந்தாலே கட்டாயம் விடுவார்கள் என்று இது வாக்குக் கொடுக்கவில்லை. பாஸ் இல்லாவிட்டால் விடமாட்டார்கள் என்பது மட்டும் உறுதி. தமிழில் "இருந்தால்தான்" என்பதும் அப்படியே. வெறும் "இஃப்" போட்டால் "இருந்தால் விடுவோம்" என்று வாக்குக் கொடுத்ததாகும். விதிமுறை எழுதுபவர்கள் இந்த வித்தியாசத்தை விடக்கூடாது.

"இஃப் ஒன்லி" ஏக்கம். "இஃப் ஒன்லி ஐ ஹாட் நோன்!" தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வினையைக் கவனியுங்கள்: போனதைப் பற்றிய ஏக்கத்துக்கு "ஹாட் நோன்", இப்போதைய ஏக்கத்துக்கு "இஃப் ஒன்லி ஐ ந்யூ", இனி நடக்க வேண்டியதற்கு "இஃப் ஒன்லி ஹி வுட் லிசன்." நிகழ்கால வினை போட்டு "இஃப் ஒன்லி ஐ நோ" என்று எழுதினால் நிற்காது. அலுவலக மெயிலில் "இஃப் ஒன்லி" தேவைப்படும் இடம் மிகக் குறைவு. நிபந்தனை சொல்ல வந்து இதைப் போட்டுவிட்டால், "நீங்கள் பணம் கட்டினால்தான்" என்பது "நீங்கள் பணம் கட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று கெஞ்சலாகிவிடும்.

இதே ஜோடி இன்னொரு முகத்திலும் வரும்: "ஐ வில் கோ, இஃப் ஒன்லி டு கீப் ஹிம் கொயட்." அவரை அடக்கி வைப்பதற்காகவாவது போகிறேன். "டு" சேர்ந்து வந்தால் ஏக்கம் இல்லை, "அதற்காகவாவது".

இளவேனில் பதில்:

"டிட்" முன்னால் வருவதைச் சொல்கிறேன்.

"ஒன்லி" ஒரு காலத்தையோ நிபந்தனையையோ வழியையோ இழுத்துக்கொண்டு வாக்கியத் தலைப்பில் வந்து உட்கார்ந்தால், பின்னால் வரும் முதன்மை வாக்கியத்தில் கேள்வியில் நடப்பதுபோல் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும். "ஒன்லி தென் டிட் ஐ ரியலைஸ்." "ஒன்லி ஆஃப்டர் த மீட்டிங் டிட் தே டெல் அஸ்." "ஒன்லி பை சைனிங் கேன் யு என்டர்." "நாட் ஒன்லி டிட் ஷி ஃபைண்ட் த எரர், ஷி ஆல்ஸோ ஃபிக்ஸ்ட் இட்."

தப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, துணைவாக்கியத்தில் போய்த் திருப்புவது: "ஒன்லி வென் டிட் த ரெயின் ஸ்டாப் வி லெஃப்ட்." திரும்ப வேண்டியது இரண்டாவது பாதி: "ஒன்லி வென் த ரெயின் ஸ்டாப்ட் டிட் வி லீவ்." "டிட்" வந்துவிட்டதால் "லெஃப்ட்" இல்லை, "லீவ்". இன்னொன்று, "ஒன்லி" எழுவாயோடு இருக்கும்போதும் திருப்புவது. "ஒன்லி மாலா நோஸ்" அப்படியே இருக்கட்டும், "ஒன்லி மாலா டஸ் நோ" ஆக்க வேண்டாம்.

இந்த அமைப்பு கனமானது, அழுத்தம் தேவைப்படும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மெயிலில் "ஒன்லி"யை உள்ளே தள்ளிவிட்டால் திருப்பும் வேலையே இல்லை: "தே டோல்ட் அஸ் ஒன்லி ஆஃப்டர் த மீட்டிங்." சந்தேகம் வந்தால் இப்படி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம்.

"நாட் ஒன்லி, பட் ஆல்ஸோ" எழுதும்போது இரண்டு பக்கமும் ஒரே வகைச் சொல் நிற்க வேண்டும். "ஷி நாட் ஒன்லி செக்ஸ் த பில்ஸ் பட் ஆல்ஸோ த ஸ்டாக்" கோணலாக நிற்கிறது: இடப்பக்கம் வினை, வலப்பக்கம் வெறும் பெயர். "ஷி செக்ஸ் நாட் ஒன்லி த பில்ஸ் பட் ஆல்ஸோ த ஸ்டாக்" என்றால் நேராகும். இரண்டும் வினையாகவும் இருக்கலாம்: "நாட் ஒன்லி செக்ஸ் த பில்ஸ் பட் ஆல்ஸோ கவுன்ட்ஸ் த ஸ்டாக்."

செந்தூரன்_க பதில்:

ஐந்தாவது வாக்கியம் யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது. "ஒன்லி ஃப்யூ" கிடையாது. "ஒன்லி எ ஃப்யூ பீப்பிள் ரிப்ளைட்" அல்லது வெறும் "ஃப்யூ பீப்பிள் ரிப்ளைட்." "ஃப்யூ" தனியாக நின்றாலே "அதிகம் பேர் இல்லை" என்ற குறை அதற்குள் இருக்கிறது, அதன் மேல் "ஒன்லி" ஏறாது. "எ ஃப்யூ" என்பது "சிலர்", குறையில்லாத எண்ணிக்கை, அதைத்தான் "ஒன்லி" குறைத்துக் காட்ட முடியும். "லிட்டில்" விஷயமும் இதே: "ஒன்லி எ லிட்டில் டைம்".

பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும் "ஒன்லி"யும் இருக்கிறது. அப்போது பெரும்பாலும் "தி" அல்லது "மை, ஹிஸ், ஹெர்" துணைக்கு வரும்: "தி ஒன்லி கீ", "மை ஒன்லி கொஸ்டின்". ஒரே விதிவிலக்குபோல் நிற்பது "அன் ஒன்லி சைல்ட்", உடன்பிறந்தவர் இல்லாத பிள்ளை. "தி ஒன்லி சைல்ட் இன் த ரூம்" என்றால் அந்த அறையில் இருந்த ஒரே குழந்தை, வீட்டில் நாலு பேர் இருக்கலாம். "மை ஒன்லி பிரதர்" என்றால் எனக்கு இருப்பதே ஒரு அண்ணனோ தம்பியோ. "ஒன்லி மை பிரதர்" என்றால் என் சகோதரன் மட்டும். படிவத்தில் குடும்ப விவரம் நிரப்பும்போது இந்த இரண்டும் மாறிவிட்டால் கேள்வி வரும்.

"ஒன்லி டு" பற்றியும் ஒரு வரி. "ஹி ரேன் டு த கவுன்டர், ஒன்லி டு ஃபைண்ட் இட் க்ளோஸ்ட்." மூடியிருப்பதைப் பார்ப்பதற்காக ஓடினார் என்று அர்த்தமில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் மூடியிருந்தது. நம் "போய்ப் பார்த்தா..." தான் இது. "யு ஒன்லி ஹாவ் டு ஆஸ்க்" என்பதற்கும் நம்மிடம் நேரான சொல் இருக்கிறது: கேட்டாலே போதும்.

உச்சரிப்பு: தமிழில் "ஒன்லி" என்று குறிலாக எழுதிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து நெடில், "ஓன்லி". "ஒன்" என்ற எண்ணின் ஒலி அதில் கிடையாது.

கயல்_ம:

ஐந்தையும் திருத்தி எழுதிப் பார்த்தேன். சரியா என்று சொல்லுங்கள்.

"ஷி இஸ் த ஒன் ஐ சென்ட் த ஃபைல் டு."
"தட்ஸ் வை ஐ கால்ட் யு."
"ஒன்லி மாலா சைன்ட் த ஃபார்ம்."
"த டீம் வில் நாட் கம் ஒன்லி அன்டில் டுமாரோ."
"ஒன்லி எ ஃப்யூ பீப்பிள் ரிப்ளைட்."

இளவேனில் பதில்:

நாலு சரி. நான்காவதில் "ஒன்லி"யை எடுத்துவிடுங்கள். "தான்" என்பதை "நாட் அன்டில்" ஏற்கெனவே சுமந்துவிட்டது, அதற்கு மேல் "நாட் ஒன்லி" என்று ஒன்று தற்செயலாக உருவாகி "மட்டுமல்ல" என்று வேறு பக்கம் இழுக்கிறது. "த டீம் வில் நாட் கம் அன்டில் டுமாரோ." நேரத்தையும் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது: "அன்டில் டென் டுமாரோ மார்னிங்."